உபயமாக வந்த வண்டியும் அதை ஓட்டுகிறவரும்

திருவரங்கம் அரங்கநாதர் கோயிலின் பரப்பு 156 ஏக்கர். ஏழு பிராகாரங்கள், 21 கோபுரங்கள். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து, கடைகளும் வீடுகளும் நெருங்கிய வீதிகளைத் தாண்டி, ரங்கா ரங்கா கோபுர வாசலில் செருப்பை விட்டு உள்ளே போகிறவருக்கு அதற்குப் பிறகும் நடை பாக்கி இருக்கிறது. கார்த்திகைக் கோபுரம், ஆரியபடாள் வாசல், தாயார் சன்னதி, ஆயிரங்கால் மண்டபம், மணல்வெளி என்று சுற்றி வருவதற்குள் முழங்கால் தேய்ந்த பாட்டி நான்கு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். அவருக்காகவும், கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் வருகிறவர்களுக்காகவும்தான் கோயிலுக்குள் பேட்டரி கார் வந்தது. அது வந்ததில் எனக்கு முழு உடன்பாடு. இந்தக் கட்டுரை அந்த வண்டியை நிறுத்தச் சொல்வதற்கு அல்ல.

நாம் பேட்டரி கார் என்று சொல்லும் வண்டி அமெரிக்கக் கோல்ஃப் மைதானங்களில் பிறந்தது. 1950களில் அங்கே இதைச் செய்வதற்கென்றே தனி நிறுவனங்கள் தோன்றின. புல்வெளியில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், இரண்டு பேரும் ஒரு மட்டைப் பையும் போவதற்காக வடிவமைத்தது. கதவு இல்லை, பெல்ட் இல்லை, சத்தம் இல்லை. அதே வண்டியை நீட்டி ஆறு இருக்கை, எட்டு இருக்கை, பதினான்கு இருக்கை என்று ஆக்கி நம் ஊருக்குக் கொண்டுவந்தோம். திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அது ஓடுகிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஓடுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் ஓடுகிறது. பழனி கிரிவீதியில் தனியார் வாகனங்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்த பிறகு, 2024 முதல் அடிவாரத்தையே அதுதான் சுமக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் ஓடுவதைவிடத் தமிழ்நாட்டில் அது கோயிலிலும் நிலையத்திலும் பூங்காவிலும்தான் அதிகம் கண்ணில் படுகிறது. ஆக, பொழுதுபோக்கு இடங்களில் இந்த வண்டியால் வேலையாட்களுக்கு ஏற்படும் காயங்களைப் பற்றி மேல்நாட்டில் எழுதப்பட்டவற்றை நமக்குப் பொருத்திப் பார்க்க வேண்டுமானால், கோல்ஃப் குச்சியை மறந்துவிட்டு கல்தளத்தையும் பிளாட்பாரத்தையும் பார்க்க வேண்டும்.

இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் பயணியைத்தான் நினைக்கிறார்கள். வண்டியோடு நாள் முழுதும் இருப்பவர் வேறு ஆள். டிரைவர், ஏற்றி இறக்கிவிடும் உதவியாள், சார்ஜ் போடுகிறவர், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், அது போகும் பாதையைப் பெருக்குகிற பெண், கூட்டத்தை விலக்கிவிடும் காவலாளி. காயம் படும் வாய்ப்பு இவர்களுக்கே அதிகம். காயம் பட்டால் யார் கணக்கில் எழுதுவது என்பது இன்னும் தெளியாமல் கிடப்பதும் இவர்கள் விஷயத்தில்தான். நான் சொல்லவருவது இதுதான்: சட்டம் இந்த வண்டியை வாகனம் என்று முழுமையாக ஏற்கவில்லை, அதனால் அதில் வேலை செய்கிறவரும் தொழிலாளியாக எண்ணப்படாமல் போகிறார். முதல் பாதி சட்டத்தின் ஏற்பாடு. இரண்டாம் பாதிக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அது நம் கவனக்குறைவு.

முதலில் வண்டியைப் பார்ப்போம். அமெரிக்கத் தரவிதிகளின்படி கோல்ஃப் மைதான வண்டியின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். சைக்கிளை வேகமாக மிதித்தால் வரும் வேகம். ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் ஓஹியோ மாநிலம் கொலம்பஸ் நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கணக்கு வேறு சொல்கிறது. 1990 முதல் 2006 வரையிலான 17 ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்த வண்டியால் காயம்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 1,48,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்துக்குள் ஆண்டுக் கணக்கு 132 சதவீதம் ஏறியிருந்தது. அதிகம் பேருக்கு அடிபட்டது மோதலால் அல்ல, வண்டியிலிருந்து விழுந்ததால். பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர் அப்படி.

ஏன் விழுகிறார்கள் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டி ஐந்து மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திருப்பத்தை எடுத்தால், உள்ளே இருப்பவர் தன் உடல் எடையில் 60 சதவீதத்துக்கும் மேலான விசையோடு வெளிப்பக்கம் சாய்க்கப்படுவார். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இடுப்பளவுக்கு ஒரு சிறு தடுப்பு, அவ்வளவுதான். ஒரு கையில் தேங்காய்ப் பை இருந்தால் கம்பியும் கிடையாது. அதே திருப்பத்தை 10 கிலோமீட்டரில் எடுத்தால் விசை 16 சதவீதமாகக் குறைகிறது. வேகம் பாதியானால் விசை காலாகிறது. பின்பலகையில் நின்றுகொண்டு வரும் உதவியாளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை; அவருடைய உடலின் கனம் உட்கார்ந்திருப்பவரைவிட உயரத்தில் இருக்கிறது, காலுக்குக் கீழே ஒரு சாண் பலகை மட்டும் இருக்கிறது.

அடுத்தது பிரேக். பல மாடல்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. சமதளப் புல்வெளிக்கு அது போதும். சரிவில் இறங்கும்போது எடை முன்பக்கம் போய்விடுவதால் பின்சக்கரம் பிடிப்பு இழந்து வண்டி பக்கவாட்டில் சறுக்கும். கொடைக்கானல், உதகை மலைச்சரிவுக் கோல்ஃப் மைதானங்களில் இதை அறிந்தவர்கள் இருப்பார்கள். திருவரங்கத்தில் மலை இல்லை. ஆனால் கோபுர வாசல்களில் நிலைப்படியைக் கடக்கப் போடும் சாய்தளம் உண்டு. மழைக்காலத்தில் நனைந்த கருங்கல் உண்டு. அபிஷேகத் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு. பின்பிரேக் மட்டும் உள்ள வண்டிக்கு இவை மூன்றும் சரிவுக்குச் சமம்.

நிற்கும் தூரத்தையும் பார்க்க வேண்டும். 20 கிலோமீட்டரில் வரும் டிரைவர் குறுக்கே வந்த ஆளைக் கண்டு, காலை மாற்றி, பிரேக் அழுத்தி, வண்டி நிற்பதற்குள் 12, 13 மீட்டர் ஓடிவிடும். எட்டு கிலோமீட்டரில் வந்தால் நான்கு மீட்டர் போதும். ஆட்கள் ஏறிய ஆறு இருக்கை வண்டியின் எடை ஒரு டன்னை நெருங்கும். ஒரு டன் எடை சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வருகிறது என்பதைக் குனிந்து பெருக்கிக்கொண்டிருப்பவர் எப்படி அறிவார்? நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கி அறிவிப்பும் கலந்த பிராகாரத்தில் டிரைவர் அடிக்கும் மணியும் கரைந்துபோகும். ஆட்டோவின் இரைச்சலை எவ்வளவு திட்டினாலும், அந்த இரைச்சல்தான் நம்மை ஒதுங்க வைக்கிறது.

இன்னொரு விஷயம் வண்டியை ஓட்டாதவர்களுக்குத் தெரிவதில்லை. பல பேட்டரி கார்களில் நிறுத்தப் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினாலும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தப் பிரேக் தானாக விடுபட்டு வண்டி நகரும். சாவியைத் திருகி எடுக்காமல் டிரைவர் ஒரு பெரியவரை இறக்கிவிடப் போனால், முன்சீட்டில் இருக்கும் குழந்தையின் கால் பட்டாலும் போதும், மேலிருந்து ஒரு பை விழுந்தாலும் போதும். எஞ்சின் ஓடும் சத்தம் இல்லாததால் வண்டி அணைந்திருக்கிறது என்றே சுற்றியிருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முன்னால் நின்று ஆளை இறக்கிக்கொண்டிருக்கும் உதவியாளின் முழங்கால்தான் முதலில் அகப்படும். ஒரு சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தால் தீரும் ஆபத்து இது.

கோயிலுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தொழிற்கூடத்தில் பாதுகாப்பு என்று பேசத் தொடங்கினால் முதல் வரியே காலணி. இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டால் சக்கரம் ஏறினாலும் விரல் தப்பும். கோயிலுக்குள் எல்லோரும் வெறுங்கால். டிரைவரும் பெருக்குகிறவரும் காவலாளியும் வெறுங்கால். அதை மாற்றச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் காலணி இல்லாத இடத்தில் வண்டியின் வேகமும் பாதையும் இரு மடங்கு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்தே பிறக்கும் முடிவு. சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுப் பணியாளரின் கால் விரலில் ஏறிய சக்கரம் ஒரு விரலோடு நிற்காது என்பதை எந்த அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சைப் பிரிவிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கோடையில் சுடும் கல்லுக்காக விரிக்கும் நார் விரிப்பில் மட்டும் பக்தர்கள் நெருக்கி நடப்பார்கள். வண்டியின் பாதையும் விரிப்பின் பாதையும் குறுக்கிடும் இடம் எது என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது நிர்வாகத்தின் வேலை.

வண்டி ஓடாத நேரத்திலும் அபாயம் உண்டு. அது சார்ஜ் போடும் கொட்டகையில் இருக்கிறது. பழைய வகை வண்டிகளில் ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரிகள், ஆறோ எட்டோ சேர்த்து 48 வோல்ட். ஒவ்வொன்றும் முப்பது கிலோவை ஒட்டிய எடை. அவற்றைத் தூக்கி மாற்றுகிறவரின் இடுப்பு முதலில் போகும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். காற்றோட்டமில்லாத மூலையில், பக்கத்தில் கற்பூரமோ விளக்கோ எரியும் இடத்தில், வண்டியைச் சார்ஜுக்குப் போடுவது எவ்வளவு தவறு என்று விளக்க வேண்டியதில்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது தெறிக்கும் அமிலம் கண்ணைக் குறிவைக்கும். இரு முனைகளையும் ஸ்பேனர் தொட்டுவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் மோதிரம் இருந்தால் மோதிரமும். ஒரு கண்ணாடி, ரப்பர் கையுறை, பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய், இவ்வளவுதான் தேவை. கண்ணில் பட்டால் குறைந்தது கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் மருத்துவமனை. லித்தியம் பேட்டரிக்கு மாறும் இடங்களில் அமிலமும் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லாமல் போகின்றன. பழைய சார்ஜரையே அதற்கும் மாட்டும் புத்திசாலித்தனம் மட்டும் கூடாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, சாலையில் ஓடத்தக்க எந்திர வண்டியை மோட்டார் வாகனம் என்கிறது. தண்டவாளத்தில் ஓடுவதை விலக்குகிறது. அதோடு தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைபட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்த அமைந்த சிறப்பு வகை வண்டியையும் விலக்குகிறது. வளாகத்துக்குள் மட்டும் ஓடும் பேட்டரி காருக்கு இந்த விலக்கு பொருந்தினால், அதற்குப் பதிவெண் வேண்டாம், டிரைவருக்கு உரிமம் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமில்லை. திருவரங்கத்தில் இந்த விலக்கின் எல்லை எது என்று கேட்டால் பதில் சிக்கலாகிவிடும். ஏழு பிராகாரங்களில் வெளியே உள்ள மூன்றும் மக்கள் குடியிருக்கும் வீதிகள். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பேருந்துப் பயணியும் பால் வண்டியும் போகின்றன. ரங்கா ரங்கா கோபுரத்துக்கு உள்ளே ஓடும்போது வளாக வண்டி என்று சொல்லலாம். அதே வண்டி பத்தடி வெளியே வந்து உத்திர வீதியில் சக்கரம் வைத்தால் சாலை வண்டி. உள்ளே இருக்கும்போதும், பொதுமக்கள் நுழைய உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம் என்று அதே சட்டம் சொல்வதால், வாதம் இரு பக்கமும் போகும். வழக்கறிஞர்களுக்கு அது நல்ல வாதம். கால் உடைந்து கிடப்பவருக்கு அது பல வருடக் காத்திருப்பு.

காவிரிக்கு இக்கரையில், திருவெறும்பூர் பக்கம், 1960களில் எழுந்த பெல் ஆலைக்குள் ஒரு பேட்டரி டிரக் ஓடினால், தொழிற்சாலைகளுக்கான சட்டத்தின் பாதுகாப்பு விதிகள் அதன் மேல் பாயும். விபத்து நடந்தால் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆய்வாளர் வருவார். பொன்மலை ரயில்வே பணிமனையும் அப்படித்தான். அந்த மரபு இந்த ஊருக்குப் புதிதல்ல. திருச்சியில் பாதிக் குடும்பங்களுக்கு ஆலையிலோ பணிமனையிலோ வேலை செய்த ஒரு பெரியப்பாவோ மாமாவோ உண்டு, பாதுகாப்பு வாரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அதே எடையுள்ள, அதே மோட்டார் உள்ள வண்டி ஆற்றைத் தாண்டி அக்கரைத் திருவரங்கத்துக்குப் போனதும் தொழிற்சாலைகளுக்கான சட்டமும் தொடாது, மோட்டார் வாகனச் சட்டமும் தயங்கும். இரண்டு சட்டத்தின் படிவமும் இல்லாத இடத்தில் விபத்து எழுதப்படாமலே போகிறது. எழுதப்படாததால் விபத்தே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம்.

அமெரிக்காவிலும் இந்த இடைவெளி உண்டு. அங்குள்ள தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவின் சரக்கு டிரக் விதிகள் கோல்ஃப் வண்டிக்குப் பொருந்தாது. ஆனால் வேலையிடத்தை அறிந்த ஆபத்துகளிலிருந்து காக்க வேண்டியது முதலாளியின் கடமை என்ற பொதுப்பிரிவு அங்கே இருப்பதால், தனி விதி இல்லை என்று சொல்லி யாரும் கை கழுவ முடிவதில்லை.

நம் நாட்டில் இந்த வகை இடங்களில் வேலை செய்கிறவரைத் தொழிலாளி என்று ஏற்பதற்கே நீண்ட போராட்டம் நடந்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சென்னை ஜிம்கானா கிளப் ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில், உறுப்பினர்களுக்கான மன்றம் ‘தொழில்’ ஆகாது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு மன்றத்தில் பந்து பொறுக்குகிறவரும் பரிமாறுகிறவரும் தொழில் தகராறுச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றார்கள். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த எல்லையை விரித்தது. மன்றங்களும் உள்ளே வந்தன. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், தொண்டு செய்யும் நிறுவனங்களை மறுபடியும் ‘தொழில்’ என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. கோயில் அதில் எந்தப் பக்கம் என்பது இனி வழக்குகளில் தீர வேண்டியது.

ஆனால், காயத்துக்கான இழப்பீடு இந்தச் சண்டையை நம்பி இல்லை. இதைப் பலரும் அறியாததால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010 முதல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது; 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. அடிப்படை மாறவில்லை: வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால், யார் மேல் தவறு என்று கேட்காமலே முதலாளி இழப்பீடு தர வேண்டும். டிரைவர் கவனமாக ஓட்டினாரா என்பது அங்கே முதல் கேள்வி அல்ல. குடித்திருந்தார், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார் என்று முதலாளி நிரூபித்தால் மறுக்கலாம். உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ அந்த மறுப்பும் செல்லாது.

தொகை எப்படி வருகிறது என்று ஒரு கணக்கு. நாற்பது வயது, மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். அந்த வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கெண் 184.17. உயிர் போனால் சம்பளத்தில் பாதியை அதால் பெருக்க வேண்டும்: 11,05,020 ரூபாய். முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும்: 13,26,024 ரூபாய். பகுதி ஊனத்துக்கு அட்டவணை இருக்கிறது. கால் பெருவிரல் அடியோடு போனால் 14 சதவீதம். மேலே சொன்ன ஆளுக்கு 1,85,643 ரூபாய். அமிலம் பட்டு ஒரு கண் போய், மற்றது நன்றாக இருந்தால் 40 சதவீதம்; 5,30,410 ரூபாய். இது கருணைத் தொகை அல்ல, கடன். விபத்து நடந்ததுமே அது நிலுவையாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் பாதி வரை அபராதமும் சேரும் என்பது ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு.

நடப்பில் என்ன ஆகிறது? ஆளை மருத்துவமனையில் சேர்த்து, செலவைக் கட்டி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பவர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. உயிர் போன வழக்கில் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுப்பது இழப்பீடாகவே எண்ணப்படாது. அதற்குரிய அதிகாரியிடம்தான் தொகையைக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு தொழிலாளர் துணை ஆணையரிடம் இருந்துவருகிறது.

காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் செல்லாது. துப்புரவு, காவல், வண்டி ஓட்டுதல் ஆகியவற்றை வெளி நிறுவனத்திடம் விடும் பழக்கம் இன்று நிலையங்களிலும் கோயில்களிலும் பூங்காக்களிலும் பரவலாகிவிட்டது. காண்ட்ராக்டர் தராவிட்டால், தன் வேலைக்காக அவரை அமர்த்திய முதன்மை முதலாளி தந்தாக வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது முதன்மை முதலாளியின் பாடு. காண்ட்ராக்டர் இ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் வழி வேறு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு முதலாளி 3.25 சதவீதமும் ஊழியர் 0.75 சதவீதமும் கட்டினால், சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் இ.எஸ்.ஐ.யே தரும். அப்போது முதலாளியிடம் தனியே இழப்பீடு கேட்க முடியாது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, இருந்தால் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு டிரைவரும் இன்றே செய்யக்கூடிய காரியம்.

எந்தச் சட்டத்துக்கும் முழுதாக அகப்படாத ஒரு பிரிவு ரயில் நிலையப் போர்ட்டர்கள். உரிமம் பெற்றவர்கள், ரயில்வே ஊழியர்கள் அல்லர். 2008 ரயில்வே பட்ஜெட்டில் ஒரு பகுதியினருக்குக் கேங்மேன் வேலை தரும் அறிவிப்பு வந்தது. மற்றவர்கள் சிவப்புச் சட்டையோடே நிற்கிறார்கள். பேட்டரி கார் வந்தபோது பல நிலையங்களில் அவர்கள் எதிர்த்தார்கள், கூலி போகிறதே என்று. கூலியைப் பற்றிய கவலை காதில் விழுந்தது. தலையில் இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை, பக்கப் பார்வை மறைந்த நிலையில் நெருக்கமான பிளாட்பாரத்தில் நடக்கிறவருக்குப் பின்னால் சத்தமில்லாத வண்டி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்கு அடிபட்டால் முதலாளி என்று கைகாட்ட ஆள் கிடையாது. ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் திட்டம் ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கோயில் வாசலில் பூ விற்கிறவருக்கும் அப்படியே.

என்ன செய்யலாம் என்பதில் பெரிய மர்மம் இல்லை. முதலாவதும் முக்கியமானதும் வேகம். பேட்டரி காரின் கண்ட்ரோலரிலேயே உச்ச வேகத்தைக் குறைத்துப் பூட்டிவிட முடியும். மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. பிராகாரத்துக்கு எட்டு கிலோமீட்டர் போதும். யாரும் அங்கே அவசரமாகப் போகவில்லை. வேகத்தைப் பூட்டிவிட்டால் நான் மேலே எழுதிய விழுதல், சறுக்கல், நிற்கும் தூரம் எல்லாமே ஒரே அடியில் தணிந்துவிடும். டிரைவருக்கு அறிவுரை சொல்வதைவிட இது நம்பகமானது. உரிமம் சட்டப்படி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குக் காத்திராமல், கார் உரிமம் உள்ளவரை மட்டும் ஓட்டவிடலாம். பின்பலகையில் ஆள் நிற்பதை அடியோடு நிறுத்த வேண்டும். கூட்டம் தோளோடு தோள் உரசும் வைகுண்ட ஏகாதசி போன்ற நாட்களில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று நிர்வாகம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

விபத்துக்கு ஒரு நோட்டு வேண்டும். தேதி, நேரம், இடம், யாருக்கு, எங்கே அடி, வண்டி எண், டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்ற விவரங்கள். உரசலையும் எழுத வேண்டும். ஒரே திருப்பத்தில் மூன்று உரசல் என்று நோட்டு சொன்னால் நான்காவது எலும்பு முறிவாக இருக்கும் என்பதை முன்பே அறிந்துகொள்ளலாம்.

உபயதாரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியை நன்கொடையாகத் தருவது நல்ல காரியம். நடக்க முடியாதவரைப் பெருமாள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதைவிடப் பெரிய கைங்கரியம் எது? ஆனால் நன்கொடை வண்டியோடு முடிந்துவிடுகிறது. பிரேக் லைனிங் மாற்ற, பேட்டரி மாற்ற, ஆளுக்குக் காப்பீடு எடுக்க அதில் பணம் ஒதுக்கப்படுவதில்லை. அந்தக் காலத்து மன்னர்கள் ஒரு நந்தா விளக்கு வைத்தால் அது எரிய ஆடுகளையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். நெய் எங்கிருந்து வரும் என்று கல்வெட்டிலேயே தெரியும். பேட்டரி கார் தருகிறவர்களும் ஐந்து வருடப் பராமரிப்பையும், டிரைவருக்கும் உதவியாளுக்குமான ஊழியர் இழப்பீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் சேர்த்துத் தர வேண்டும். அப்படித் தராத உபயத்தை ஏற்கும்போது மீதியைத் தன் பட்ஜெட்டில் எழுத வேண்டியது கோயில் நிர்வாகத்தின் கடமை.

வண்டியில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. அடிபட்டால் அன்றே மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மருத்துவமனைச் சீட்டில் ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் எழுதவிடாமல், வேலை நேரத்தில் பேட்டரி காரால் அடிபட்டது என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டாலே இழப்பீட்டு உரிமை பிறந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை.